கோட்டையில் ஓட்டைகளைப் பாருங்கள்: கான்விக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

முதல் தடவை வேல்ஸில் உள்ள கான்வி கோட்டைக்குப் போனபோது அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். கூரை கிடையாது, தளம் கிடையாது, சிம்மாசனம், வாள், கேடயம் எதுவும் கிடையாது. மொட்டைச் சுவர், நடுவில் புல், மேலே காக்கை. டிக்கெட் காசை நினைத்து வயிறெரிந்தபடி படகுத்துறைப் பக்கம் போய் சிப்ஸ் வாங்கித் தின்றுவிட்டு மான்செஸ்டருக்குத் திரும்பிவிட்டேன்.

இரண்டாம் தடவை அப்பா கூட வந்தார். நெல்லைப் பக்கம் நாற்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர். ஆங்கிலம் தெரியாது, இங்கிலாந்து ராஜாக்கள் கதையும் தெரியாது. வாசலைத் தாண்டியதும் ஒரு கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். பத்து நிமிடம் நகரவில்லை. "எலேய், இந்த ஓட்டையெல்லாம் சாரம் கட்டுனதுல்லா? ஆனா ஏன் சுத்திச் சுத்தி மேல போகுது?" என்றார். அன்று நாங்கள் வெளியே வர மூன்றரை மணி நேரம் ஆனது.

அதற்கப்புறம் ஊரிலிருந்து யார் வந்தாலும் கான்விக்குக் கூட்டிப் போகிறேன். இடிந்த கோட்டையில் எதைப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: ஓட்டைகளைப் பாருங்கள். மரம், ஈயம், துணி எல்லாம் போய்விட்டன. அவை இருந்த இடங்கள் ஓட்டைகளாக அப்படியே இருக்கின்றன.

கிளம்பும் முன்: கொஞ்சம் கதை

வரலாறு முழுவதும் படித்துவிட்டுப் போக வேண்டாம். இவ்வளவு தெரிந்தால் போதும்.

கான்வி, வேல்ஸ் நாட்டின் வடகரையில் ஆறு கடலில் கலக்கும் முகத்தில் இருக்கிறது. 1282 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் லிவெலின் கொல்லப்பட்டார். அடுத்த வசந்தத்திலேயே இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் இங்கே வந்து கோட்டை கட்டத் தொடங்கினார். அப்போது அந்த இடத்தில் ஒரு துறவி மடம் இருந்தது. அதில்தான் இந்த லிவெலினின் தாத்தா, வேல்ஸ்காரர்கள் 'பெரிய லிவெலின்' என்று கொண்டாடும் மன்னர், அடக்கம் செய்யப்பட்டிருந்தார். எட்வர்ட் மடத்தையே ஆறு வரும் திசையில் சில மைல் தள்ளி அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் கோட்டையும் மதில் சூழ்ந்த ஊரும் எழுப்பினார். அந்த ஊரில் குடியேற இங்கிலாந்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஜெயித்தவன் தோற்றவனின் குலதெய்வக் கோயிலைப் பெயர்த்துவிட்டு அங்கே தன் கச்சேரியைக் கட்டியது போல. இதனால் ஊர்க்காரர்கள் இந்தக் கோட்டையைப் பற்றிப் பேசும்போது பெருமையோடு ஒரு கசப்பும் கலந்தே வரும். ஊர் நடுவில் பெரிய லிவெலினுக்குச் சிலை இருக்கிறது. கோட்டைக்குப் போகும் முன் அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கட்டியவர் ஆல்ப்ஸ் மலைப்பக்கம் உள்ள சவாய் பகுதியிலிருந்து வந்த தலைமைக் கொத்தனார், செயின்ட் ஜார்ஜ் ஜேம்ஸ். 1283இல் தொடங்கி 1287க்குள் கோட்டையும் மதிலும் முடிந்துவிட்டன. வேலை மும்முரமாக நடந்தபோது சுமார் 1,500 பேர். செலவு அந்தக் காலத்துக் காசில் ஏறக்குறைய 15,000 பவுண்டு. இந்த ஊர்க் குளிரில் சுண்ணாம்புக் கலவை உறைந்துவிடும், அதனால் கட்டு வேலை பெரும்பாலும் கோடையில்தான். நாலைந்து கோடையில் எட்டுக் கோபுரமும் ஊர் மதிலும் என்று சொன்னபோது அப்பா நம்பவே இல்லை. "கான்ட்ராக்டர் யாரு?" என்று கேட்டார்.

நாளும் நேரமும்

கோட்டையை நிர்வகிப்பது வேல்ஸ் அரசின் தொல்லியல் பாதுகாப்பு அமைப்பு. பெயரை 'காடு' என்பதுபோல உச்சரிக்கிறார்கள். வேல்ஸ் மொழியில் அதற்குக் 'காப்பது' என்று பொருள். தமிழில் 'கா' என்றாலும் காப்பதுதானே என்று ஒரு நிமிடம் புல்லரித்தது. தற்செயல்தான், இதை வைத்து யாரும் ஆராய்ச்சி தொடங்க வேண்டாம்.

நேரமும் கட்டணமும் பருவத்துக்குப் பருவம் மாறும், அதனால் முதல் நாள் அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு சமயத்தில் மூடல் உண்டு. மூடும் நேரத்துக்கு அரை மணி முன்பே டிக்கெட்டை நிறுத்திவிடுவார்கள். ஒரே விடுமுறையில் கார்னார்வன், ஹார்லெக், போமாரிஸ் கோட்டைகளையும் பார்க்கும் எண்ணம் இருந்தால் தனித்தனி டிக்கெட் வாங்காமல் சந்தா கணக்கைப் போட்டுப் பாருங்கள். நான்கும் ஒரே அமைப்பின் கையில்தான் இருக்கின்றன. நான்கையும் சேர்த்து 1986இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

காலையில் திறந்தவுடன் போவது நல்லது. பள்ளி விடுமுறை நாட்களில் மதியம் சுருள் படிக்கட்டில் ஏறுபவரும் இறங்குபவரும் முட்டிக்கொண்டு நிற்பார்கள்.

உடுப்பு விஷயத்தில் கறாராக இருங்கள். கோபுர உச்சியில் கடல் காற்று ஆளைத் தள்ளும். குடை சுத்தமாக வேலைக்கு ஆகாது, தொப்பி வைத்த மழைச்சட்டை வேண்டும். செருப்பு வேண்டவே வேண்டாம். படிகள் தேய்ந்து நடுவில் குழிந்திருக்கும், மழை நாளில் பாசி பிடித்த தளம் மாதிரி வழுக்கும். புடவையில் அந்தப் படிகளில் ஏறுவது கஷ்டம். அம்மா ஏறினார், ஆனால் பாதி வழியில் எங்கள் எல்லோரையும் திட்டிக்கொண்டே ஏறினார்.

போய்ச் சேர்வது

காரில் வருவோருக்கு ஏ55 நெடுஞ்சாலை. ஊருக்குள் தெருக்கள் குறுகல், மதில் வாசல்களில் ஒரு வண்டி நுழைவதே பாடு. மதிலுக்கு வெளியே உள்ள நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். சாலையில் பெரிய வெள்ளை எழுத்தில் 'அராஃப்' என்று எழுதியிருக்கும். மெதுவாகப் போ என்று அர்த்தம்.

ரயிலில் வந்தால் ஆற்றுக்கு இந்தப் பக்கம் லான்டுட்னோ ஜங்ஷனில் இறங்கிவிடுங்கள் என்பது என் யோசனை. கான்விக்கே மதிலுக்குள் சின்ன ஸ்டேஷன் இருக்கிறது, அதைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். ஜங்ஷனிலிருந்து ஆற்றைக் கடந்து நடக்க இருபது நிமிடம்தான் ஆகும், கோட்டையை முதலில் பார்க்க வேண்டிய இடமும் அந்த வழியில்தான் இருக்கிறது.

முதலில் தூரத்திலிருந்து

பாலத்துக்கு வரும் வழியில் நின்று எட்டுக் கோபுரத்தையும் எண்ணுங்கள். ஆற்றுப் பக்கம் இருக்கும் நான்கின் தலையில் மட்டும் குட்டிக் கோபுரம் முளைத்திருக்கும். அந்த நான்குக்கு உள்ளேதான் ராஜாவின் வீடு. எந்தப் பாதி படைக்கு, எந்தப் பாதி அரசனுக்கு என்பது இங்கிருந்தே தெரிந்துவிடும்.

இப்போது நீங்கள் பார்ப்பது சாம்பல் கல். கட்டிய காலத்தில் வெளிச்சுவரெல்லாம் சுண்ணாம்பு பூசி வெள்ளை வெளேர் என்று இருந்தது. கிட்டே போனால் சில இடங்களில் பூச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். கடலில் வரும் படகுக்கும் மலையில் நிற்கும் வேல்ஸ்காரனுக்கும் ஒருசேரக் கண்ணை உறுத்த வேண்டும் என்றே அடித்த வெள்ளை என்று எனக்குத் தோன்றும்.

கோட்டைக் காலடியில் மூன்று பாலங்கள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. 1826இல் டெல்ஃபோர்ட் கட்டிய தொங்குபாலம், 1848இல் ஸ்டீபன்சன் கட்டிய இரும்புக் குழாய் ரயில் பாலம், 1958இன் சாலைப் பாலம். பழைய இரண்டின் தூண்களையும் கோட்டைக் கோபுரம் போலவே கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்து அதுவும் பழைய கோட்டைதான் என்று படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்ட சொந்தக்காரர்கள் எனக்கு உண்டு.

வாசல்

இன்று சாய்தளத்தில் நடந்து மேற்கு வாசலுக்கு ஏறுகிறோம். பழைய வழி செங்குத்தான சரிவும் தூக்குப்பாலமுமாக இருந்தது, அதன் கட்டுமானத்தில் ஒரு துண்டு மட்டும் மிச்சம். வாசலுக்கு நேர் கீழே நின்று தலையைத் தூக்குங்கள். சுவர் வெளியே பிதுங்கி, கீழ்ப்பக்கம் வரிசையாகத் திறந்திருக்கும். முதல் வகை ஓட்டை இது. வாசலை உடைக்க வருபவன் தலையில் கல்லைப் போடுவதற்கு. பிரிட்டனில் கல்லில் கட்டிய இந்த வகையில் மிஞ்சியிருக்கும் மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்று. கொதிக்கும் எண்ணெய் ஊற்றினார்கள் என்று எந்தக் கோட்டையிலும் யாராவது சொல்வார்கள். எண்ணெய் விற்ற விலைக்கு அதை எதிரி தலையில் ஊற்றியிருப்பார்களா? கல்லும் சுடுநீரும் சும்மா கிடைக்கும்.

வெளி முற்றம்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் நேராகக் கோபுரம் ஏற ஓடுவார்கள். ஓடாதீர்கள். ஏதாவது ஒரு கோபுரத்துக்குள் தரைமட்டத்தில் நுழைந்து, நடுவில் நின்று மேலே பாருங்கள். கிணற்றுக்குள் நிற்பது போல வட்டமாக வானம் தெரியும். சுவரில் பாதி உயரத்தில் ஒரு கணப்பு அடுப்பு அந்தரத்தில் தொங்கும். அதற்கும் மேலே இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கீழே வரிசையாகச் சதுர ஓட்டைகள். அவை உத்திரம் உட்கார்ந்த ஓட்டைகள். அந்த வரிசையை மனதுக்குள் பலகையால் மூடிப் பாருங்கள், தளம் வந்துவிடும். தளம் வந்ததும் அடுப்பு சரியான இடத்துக்கு வந்துவிடும், பக்கத்து ஜன்னலில் கல் திண்ணை இருப்பது கண்ணில் படும், யாரோ அதில் உட்கார்ந்து வெளிச்சத்தில் ஏதோ செய்துகொண்டிருந்தது புரியும். என் அக்கா மகளுக்கு ஏழு வயது. இதை ஒரே ஒரு தடவை சொல்லிக்கொடுத்தேன், பிறகு எட்டுக் கோபுரத்திலும் எத்தனை மாடி என்று அவளே எண்ணிச் சொன்னாள்.

இந்தத் தளங்கள் எங்கே போயின? 1640களில் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் கோட்டை மன்னர் பக்கம் நின்று 1646இல் சரணடைந்தது. இனி யாரும் இதைப் பிடித்துவைத்துக்கொண்டு போர் செய்யக் கூடாது என்று 1655இல் இதைச் செல்லாக்காசாக்க உத்தரவு போட்டார்கள். 1665இல் புது உரிமையாளர் கூரையின் ஈயத்தையும் இரும்பையும் மரத்தையும் கழற்றி எடுத்துப் போனார். நம் ஊரில் பாகம் பிரித்ததும் முதலில் நிலைக்கதவைப் பெயர்த்துப் போவார்களே, அதே கதை.

இனி அப்பாவின் ஓட்டைக்கு வருகிறேன். கோபுரங்களின் வெளிச்சுவரில் சின்னச் சின்னதாக வட்ட, சதுர ஓட்டைகள் தெரியும். சாரக் கம்பு செருகிய இடங்கள். சாதாரணமாக அவை படுக்கை வரிசையில் இருக்கும். இங்கே சில இடங்களில் சரிவாக, பாம்பு மரத்தில் ஏறுவது போலச் சுற்றி ஏறும். சவாய்க் கொத்தனார்களின் பழக்கம் அது. சாரத்தையே சாய்தளமாகக் கட்டினால் கல்லை ஏணியில் தூக்காமல் அதன் வழியே நேராக மேலே கொண்டுபோகலாம். இதைப் படித்துச் சொன்னதும் அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "நாங்க தலையில சுமந்தோம்" என்றார்.

வலது கைப் பக்கம் நீளமாக வளைந்து கிடப்பது பெரிய மண்டபம். பாறை வளைந்ததால் மண்டபமும் வளைந்தது. கூரையைத் தாங்க 1340களில் போட்ட எட்டுக் கல் வளைவுகளில் இன்று ஒன்றுதான் நிற்கிறது. எதிர்ப் பக்கம் சமையலறையும் லாயமும் இருந்தன, இப்போது அடித்தளம்தான். சிறைக் கோபுரத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். குழந்தைகளுக்குப் பிடிக்கும், எனக்கு அங்கே நிற்கவே பிடிக்காது.

முற்றத்தின் கடைசியில் கிணறு. 91 அடி ஆழம், பாறையைக் குடைந்தது. இவ்வளவு பெரிய கோட்டைக்கு 1284இல் நிர்ணயித்த காவல் மொத்தம் 30 பேர்தான், அதில் 15 பேர் வில்லாளிகள். மிச்சத்தில் ஒரு தச்சர், ஒரு கொல்லர், ஒரு பாதிரியார் எல்லாம் அடக்கம். சுவர் நன்றாக இருந்தால் ஆள் குறைவாகப் போதும் என்ற கணக்கு. கணக்கு ஒரு தடவை சொதப்பியது. 1401இல் புனித வெள்ளி அன்று காவலர்கள் ஊருக்குள் சர்ச்சில் பிரார்த்தனையில் இருந்தபோது வேல்ஸ் கிளர்ச்சிக்காரர்களான டியூடர் சகோதரர்கள் ஆட்களோடு உள்ளே புகுந்து கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். தச்சு வேலைக்கு வந்தவர்கள் போல நடித்து நுழைந்தார்கள் என்று சொல்வது வழக்கம். எட்டுக் கோபுரமும் அப்படியேதான் நின்றன. மூன்று மாதம் கழித்துப் பேச்சுவார்த்தை நடத்தித்தான் திரும்பப் பெற முடிந்தது.

உள் முற்றம்

கிணற்றைத் தாண்டி, குறுக்குச் சுவரின் வாசல் வழியே போனால் அரச குடும்பத்தின் பகுதி. ஒரு காலத்தில் இங்கேயும் பாறையில் வெட்டிய அகழியும் தூக்குப்பாலமும் இருந்தன. வெளி முற்றம் விழுந்தாலும் ராஜா தனியே தாக்குப்பிடிக்கலாம். அறைகள் முதல் மாடியில் இருந்ததால் மறுபடியும் உத்திர ஓட்டைப் பாடம்தான்.

இங்கே தவறவிடக் கூடாதது சர்ச் கோபுரம். அதற்குள் ஒரு சின்னப் பிரார்த்தனை அறை. அரைவட்டச் சுவரில் வளைவு வளைவாகச் செதுக்கிய கல் வேலை. கோட்டை முழுக்க முரட்டுத்தனமாகக் கட்டியவர்கள் இந்த ஓர் இடத்தில் உளியை மெதுவாகப் பிடித்திருக்கிறார்கள். 1399இல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் அயர்லாந்திலிருந்து திரும்பி இந்தக் கோட்டையில்தான் தங்கினார். எதிரியின் தூதர் கெடுதல் செய்ய மாட்டோம் என்று பிரார்த்தனைக் கூடத்தில் சத்தியம் செய்ததை நம்பி வெளியே போனார். வழியில் மடக்கிப் பிடித்தார்கள், முடி போயிற்று, அடுத்த வருஷம் உயிரும் போயிற்று.

அம்பு எய்யும் ஓட்டையையும் இங்கே உள்பக்கத்திலிருந்து பாருங்கள். வெளியே நான்கு விரல் அகலம்தான், உள்ளே ஓர் ஆள் நின்று இடமும் வலமும் திரும்பும் அளவுக்குச் சுவரை விரித்துக் குடைந்திருப்பார்கள். பழந்தமிழில் இதற்கு 'ஏப்புழை' என்று பெயர். ஏ என்றால் அம்பு, புழை என்றால் துளை. செஞ்சி, வேலூர்க் கோட்டைகளில் துப்பாக்கித் துளை பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும்.

கிழக்குக் கடைசியில் ஒரு சின்னத் திறந்த வெளி. அரசியின் தோட்டம் இருந்த இடம். படகில் வருவோருக்கான வழியும் இந்தப் பக்கம்தான். மூன்று பாலமும் காலடியில் தெரியும். சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவந்திருந்தால் வெளியே படகுத்துறையில் பிரியுங்கள், ஆனால் கடற்காகங்கள் ஜாக்கிரதை. எங்கள் சப்பாத்தி ரோல் ஒன்றைக் கையிலிருந்தே பிடுங்கிப் போயிருக்கின்றன.

இப்போது ஏறலாம்

எட்டிலும் ஏற வேண்டியதில்லை. மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று போதும். மேற்குக் கோபுரத்திலிருந்து ஊரும் மதிலும் முழு வட்டமாகத் தெரியும், தெற்கே ஸ்னோடோனியா மலைகள். கிழக்குக் கோபுரத்திலிருந்து ஆறும் பாலங்களும். முழங்கால் வலி உள்ளவர்கள், மூச்சிரைப்பு உள்ளவர்கள் இரண்டு முற்றங்களோடு நிறுத்திக்கொள்ளலாம், பெரிதாக எதுவும் போய்விடாது. சக்கர நாற்காலியோடு வருபவர்கள் முன்கூட்டியே விசாரித்துவிட்டு வருவது நல்லது. ஏற்றமும் மேடுபள்ளமும் அதிகம். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கோபுரம் ஏற முடியாது, இடுப்பிலோ முதுகிலோ கட்டிக்கொள்ள வேண்டும்.

படியில் எதிரே ஆள் வந்தால், அகலமான வெளி ஓரத்தை இறங்குபவருக்கு விட்டுவிட்டு நின்றுவிடுங்கள். படி சுருளும் திசை வலது கை வாள்காரனுக்கு வசதியாக அமைத்தது என்று கதை சொல்வார்கள். சுவையான கதைதான், ஆனால் அந்தக் காலத்தவர் யாரும் அப்படி எழுதிவைத்ததாக இல்லை.

கடைசியாக மதில், இலவசம்

கோட்டையை முடித்துவிட்டு அப்படியே கிளம்பிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. ஊரைச் சுற்றி 1.3 கிலோமீட்டர் மதில், 21 கோபுரம், 3 வாசல், ஏறக்குறைய முழுசாக இருக்கிறது. பெரும்பகுதியில் மேலேயே நடக்கலாம், காசு கிடையாது. மேல்வாசல் பக்கம் உச்சிக் கோபுரத்திலிருந்துதான் கோட்டையின் நல்ல படம் கிடைக்கும். மதில் கோபுரங்களின் முதுகுப் பக்கம் திறந்தே இருப்பதைக் கவனியுங்கள். இடைவெளியில் கழற்றி எடுக்கும் பலகைப் பாலம் போட்டிருந்தார்கள். எதிரி ஓரிடத்தில் ஏறிவிட்டால் இருபுறமும் பலகையை எடுத்துவிட்டால் போதும், அவன் அந்தத் துண்டில் மாட்டிக்கொள்வான்.

மதிலிலிருந்து இறங்கி, ஆலை வாசலுக்கு வெளியே வந்து திரும்பிப் பாருங்கள். சுவரின் மேல் விளிம்பில் பிதுங்கினாற்போல் வரிசையாகப் பன்னிரண்டு கல் மாடங்கள். அரசாங்க ஊழியர்களுக்காகக் கட்டிய கழிப்பறைகள். அடியில் ஓட்டை, நேரே வெளியே. 700 வருஷத்துக்கு மேல் ஆகிறது, பன்னிரண்டும் அப்படியே நிற்கின்றன. அப்பா ஒவ்வொன்றாக விரல் நீட்டி எண்ணினார். கோட்டையில் அவர் படம் எடுக்கச் சொல்லிக் கேட்டது இதை மட்டும்தான்.

கான்வி ஸ்டேஷன் இங்கிருந்து இரண்டு எட்டு. ரயில் இங்கே தானாக நிற்காது, நம் ஊர் மினி பஸ் மாதிரி கை காட்ட வேண்டும். வண்டி வருவது தெரிந்ததும் நடைமேடையில் டிரைவர் பார்க்கும்படி நின்று கையை நன்றாக நீட்டுங்கள். கூச்சப்பட்டு இடுப்பு உயரத்தில் ஆட்டினால் போய்விடும். எங்களுக்கு ஒருமுறை போயிருக்கிறது.